வேலைவாய்ப்பு அலுவலகத்தை யார் கண்காணிப்பது? கொங்கு மாவட்டங்களுக்கு முன்னால் இருக்கும் நான்கு வழிகள்

திருப்பூரில் பனியன் கம்பெனிகள் இருக்கும் எந்தத் தெருவில் நடந்தாலும் கேட்டில் ஒரு போர்டு தொங்கும்: டெய்லர், செக்கிங், அயர்னிங் ஆட்கள் தேவை. அதே ஊரில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருப்பவர்களும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். சி.என்.சி. (கணினி இயக்கும் கடைசல் மெஷின்) ஆபரேட்டர் கிடைக்கவில்லை என்று கோவை குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டை பக்கம் பட்டறைக்காரர்கள் புலம்புகிறார்கள். ஐ.டி.ஐ. முடித்த பையனோ கோவைக்குள் சாப்பாடு டெலிவரிக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறான். ஆளையும் வேலையையும் சேர்த்து வைப்பதற்கென்றே அரசு சம்பளம் கொடுத்து ஒரு துறையை நடத்துகிறது. அந்தத் துறை வேலை செய்கிறதா என்று யார் பார்ப்பது, அதை எப்படிச் சீர்செய்வது என்பதில் நம் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன.

துறை இப்போது இருப்பதுபோலவே இருக்கட்டும், தணிக்கையை மட்டும் இறுக்குவோம் என்பது ஒன்று. ஆள் சேர்க்கும் வேலையைத் தனியாருக்கு ஒப்பந்தத்தில் விட்டு, வேலையில் சேர்ந்த ஆளுக்கு இவ்வளவு என்று பணம் கொடுப்போம் என்பது இரண்டாவது. முதலாளிகள், தொழிற்சங்கங்கள், அரசு என மூன்று தரப்பும் உட்காரும் மாவட்ட வாரியத்திடம் மேற்பார்வையைக் கொடுப்போம் என்பது மூன்றாவது. இணையதளத்தை நன்றாக நடத்தினால் போதும், அலுவலகமே தேவையில்லை என்பது நான்காவது. என் சாய்வை இப்போதே சொல்லிவிடுகிறேன்: மூன்றாவது வழி. ஆனால் முதல் வழியிலிருந்து ஒரு துண்டை எடுத்து அதில் ஒட்டாவிட்டால், மூன்றாவதும் உருப்படாது.

இந்த அலுவலகங்கள் எதற்காக வந்தன என்று தெரிந்தால்தான் இன்றைக்கு ஏன் இப்படி இருக்கின்றன என்பது விளங்கும். இரண்டாம் உலகப்போர் முடிந்து பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை தேடிக் கொடுக்க 1945இல் ஆரம்பித்த ஏற்பாடு இது. 1948இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். 1956 நவம்பரில் அன்றாட நிர்வாகம் மாநிலங்களிடம் வந்தது. காலியிடங்களைக் கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் 1959இல் வந்தது. அரசு நிறுவனங்களும், 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தனியார் நிறுவனங்களும் காலியிடத்தை அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னால் போதும், அலுவலகம் அனுப்பும் ஆளைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை. சொல்லாவிட்டால் முதல் தடவை 500 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த தடவைக்கு 1,000 வரை. 1959இல் அது பெரிய தொகைதான். பிற்பாடு அந்த ஆயிரத்துக்குப் பயந்து எந்த மில்காரர் காலியிடப் பட்டியல் அனுப்பியிருப்பார்?

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் அந்தப் பழைய சட்டம் போய்விட்டது. புதிய தொகுப்பிலும் தனியாருக்கு அடிப்படை அதேதான்: தெரிவிக்க வேண்டும், எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 20 பேருக்குக் குறைவான தனியார் இடங்களுக்குப் பொருந்தாது. திருப்பூரில் காஜா பட்டன், எம்ப்ராய்டரி, பிரின்டிங் என்று ஜாப் ஒர்க் எடுக்கும் சின்னச் சின்ன யூனிட்டுகளையும், சோமனூர், பல்லடம் பக்கம் வீட்டை ஒட்டிப் போட்ட தறிக்கூடங்களையும் நினைத்துப் பாருங்கள். நம்ம ஊரில் ஆள் தேடும் இடங்களில் கணிசமானவை சட்டத்தின் கைக்கு எட்டாதவை.

அப்படியானால் அலுவலகத்துக்கு யார்தான் வருகிறார்கள்? பத்தாவது, பிளஸ் டூ முடித்ததும் பதிகிறவர்கள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறவர்கள் (இந்த இரண்டு வேலையும் இப்போது இணையத்திலேயே முடிந்துவிடுகிறது). உதவித்தொகைக்கு வருகிறவர்கள்: பதிந்து ஐந்து ஆண்டு காத்திருந்த ஏழைக் குடும்பத்து ஆளுக்கு, பத்தாவது தேறாவிட்டால் மாதம் 200 ரூபாய், தேறியிருந்தால் 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600. அப்புறம் தன்னார்வப் பயிலும் வட்டம். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கு இலவசப் பயிற்சி நடக்கும் அந்த அறைதான் பல அலுவலகங்களில் உயிரோடு இருக்கும் ஒரே அறை. வருகிற திங்கட்கிழமை ஏதாவது ஒரு வேலையில் சேர்ந்தாக வேண்டும் என்ற நிலையில் இருக்கும் ஆள் இந்தப் பட்டியலில் எங்குமே இல்லை. அவர் மச்சானுக்குப் போன் போடுகிறார், இல்லாவிட்டால் ஏஜென்டுக்கு.

அந்த ஆளைப் பிடிக்கத்தான் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்கள் வந்தன. வெள்ளிக்கிழமைகளில் அலுவலகத்திலேயே சின்ன முகாம், அவ்வப்போது கல்லூரி வளாகத்தில் பெரிய முகாம். பெரிய முகாமுக்குப் போனவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம்: வகுப்பறைக்கு இரண்டு கம்பெனி, கதவில் செல்லோ டேப்பால் ஒட்டிய கம்பெனி பெயர். கையில் பயோடேட்டா கட்டோடு வராண்டா முழுக்கப் பிள்ளைகள். நூற்பாலை மேசையில் கூட்டமே இருக்காது, வங்கி, ஐ.டி. என்று எழுதிய அறையில் நுழையவே முடியாது. மதியத்துக்கு மேல் மேடையில் பத்துப் பதினைந்து பேருக்கு நியமன ஆணை. மறுநாள் பத்திரிகையில் இத்தனை நூறு பேருக்கு வேலை என்று செய்தி.

செய்திக்குப் பிறகு நடப்பதை யாரும் எழுதுவதில்லை. ஆணை வாங்கிய பையன் ஒரு மில்லுக்குப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். முகாமில் சொன்ன சம்பளம் எட்டு மணி நேரத்துக்கு என்று அவன் நினைத்திருக்கிறான். போனால் ஒன்றரை ஷிப்ட், அதாவது பன்னிரண்டு மணி நேரம் நின்றால்தான் அந்தத் தொகை. ஹாஸ்டலுக்கும் மெஸ்ஸுக்கும் பிடித்தம் வேறு. "ஏனுங்க, அங்க சொன்னது ஒண்ணு, இங்க இருக்கறது ஒண்ணுங்களே" என்று மேனேஜரிடம் கேட்டுப் பார்த்துவிட்டு, பத்தாம் நாள் பஸ் ஏறிவிடுவான். துறையின் கணக்கில் அவன் வேலை கிடைத்தவன். அடுத்த முகாமுக்கு வந்து இன்னொரு ஆணை வாங்கினால், ஒரே ஆள் இரண்டு வேலைவாய்ப்பாகிவிடுவான்.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் தீர்க்க வேண்டியது இதுதான்: எதை வேலை கிடைத்தது என்று எண்ணுவது? முகாமன்று கொடுத்த தாளையா, முதல் நாள் வேலைக்குப் போனதையா, மூன்று மாதம் கழித்தும் அங்கே இருப்பதையா?

ஜெர்மனியில் இது பெரிய ஊழலாகவே வெடித்தது. 2002 தொடக்கத்தில் அந்நாட்டின் தணிக்கை அமைப்பு ஐந்து வேலைவாய்ப்பு அலுவலகங்களின் பதிவேடுகளை எடுத்துச் சரிபார்த்தது. நாங்கள் வேலை வாங்கிக் கொடுத்தோம் என்று எழுதியிருந்தவற்றில் பத்தில் ஏழு போலத் தவறான பதிவு என்று தெரிந்தது. வேலைவாய்ப்பு அலுவலகங்களை நடத்திய நிறுவனத்தின் தலைவருக்குப் பதவி போனது. அதையொட்டி அமைத்த ஹார்ட்ஸ் குழுவின் பரிந்துரைகள் அந்நாட்டின் வேலையின்மை உதவி முறையையே புரட்டிப்போட்டன. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த ஜெர்மன் நிறுவனத்தின் நிர்வாகத்தில் அப்போதே முதலாளிகள், தொழிலாளிகள், அரசு என்று மூன்று தரப்பும் உட்கார்ந்திருந்தார்கள். அதாவது, நான் இங்கே பரிந்துரைக்கும் மூன்றாவது வழி அங்கே ஏற்கெனவே இருந்தது. இருந்தும் பொய்க் கணக்கு ஓடியது. பிடித்தது வெளியே இருந்து வந்த தணிக்கைக்காரர். அதனால்தான் முதல் வழியின் துண்டு வேண்டும் என்கிறேன்.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நான்காவது வழியை முதலில் முடித்துவிடலாம், அதில் சொல்ல அதிகமில்லை. மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளம் 2015 முதல் இருக்கிறது. மாநில அரசின் தனியார் வேலை இணையம் 2020இல் வந்தது. இரண்டும் இலவசம், இரண்டும் இருக்க வேண்டியவைதான். ஆனால் ஓவர்லாக் மெஷின் ஓட்டும் அக்கா யூசர் நேம், பாஸ்வேர்டு போட்டு வேலை தேடுவதில்லை. வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தால் கிளம்பிவிடுகிறார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம்ம மெஷின்களில் பாதியை ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தத் தளங்களும் ஒன்றுதான், தமிழ் மட்டும் பேசும் அலுவலகக் கவுன்டரும் ஒன்றுதான், இரண்டாலும் பயனில்லை. இணையதளம் ஒரு கருவி. அது சரியாக நடக்கிறதா என்று பார்க்கவும் ஆள் வேண்டுமே.

இரண்டாவது வழி, தனியார் ஒப்பந்தம், கேட்க நன்றாக இருக்கும். ஆள் சேர்ந்தால் காசு, சேராவிட்டால் இல்லை, அரசுக்கு என்ன நஷ்டம் என்பார்கள். இதை முழுமூச்சாகச் செய்து பார்த்த நாடு ஆஸ்திரேலியா. 1998இல் அரசு வேலைவாய்ப்புச் சேவையை மூடிவிட்டு, சந்தையில் ஏலம் எடுத்த நிறுவனங்களிடம் கொடுத்தார்கள். அங்கே நடந்ததை யார் வேண்டுமானாலும் ஊகிக்கலாம். எப்படியும் வேலை கிடைத்துவிடக்கூடிய ஆளை நிறுவனங்கள் முதலில் எடுத்தன, ஏனென்றால் அதில்தான் சீக்கிரம் காசு. நாற்பத்தைந்து வயதுக்காரர், உடல்நலம் சரியில்லாதவர், குழந்தையை விட்டுவிட்டு வர முடியாத அம்மா என்று சிரமமானவர்கள் ஓரமாக உட்கார வைக்கப்பட்டார்கள். விதிகளை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். 25 ஆண்டு கழித்து, 2023 நவம்பரில், அந்நாட்டு நாடாளுமன்றக் குழு ஒன்று இந்த முறையை அடியோடு திருத்த வேண்டும், அரசே மறுபடியும் சேவையில் நேரடியாக இறங்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது.

நம்ம பக்கம் இந்த வழிக்கு இன்னொரு பிரச்சினையும் உண்டு. தனியார் ஆள்சேர்ப்பு இங்கே புதிதாக வர வேண்டியதில்லை, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கும் புரோக்கர்கள் தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து பெண்பிள்ளைகளைக் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்து நூற்பாலைகளுக்குக் கூட்டிவந்த சுமங்கலித் திட்டம் யாருக்கும் மறந்திருக்காது. மூன்று வருஷம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்ற வாக்கு. இடையில் விட்டுவிட்டுப் போன பிள்ளைகளுக்கு அந்தப் பணம் கிடைக்காமல் போனதெல்லாம் நடந்தது. ஆள் சேர்த்தால் காசு என்ற கணக்கு அப்போதும் இருந்தது, கண்காணிப்புதான் இல்லை. கண்காணிப்பை ஏற்படுத்தாமல் அதே கணக்கை அரசுப் பணத்தில் நடத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான தனிப் பயிற்சி போன்ற சில வேலைகளைத் தெரிந்தவர்களிடம் ஒப்பந்தத்தில் கொடுப்பது வேறு விஷயம். அங்கே கொடுக்கலாம், ஆனால் சேர்ந்த நாளுக்கு அல்லாமல் ஆறு மாதம் நிலைத்ததற்குத்தான் பணம் தர வேண்டும்.

முதல் வழிக்கு வருவோம். துறை இருக்கட்டும், தணிக்கை இறுகட்டும். இதன் பெரிய வசதி, சட்டம் எதையும் மாற்ற வேண்டாம், நாளைக்கே ஆரம்பிக்கலாம். நான் மேலே சொன்ன மூன்று மாதக் கணக்கைச் சரிபார்க்கத் தரவும் ஏற்கெனவே இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடம் இ.எஸ்.ஐ.க்குள் வரும், இருபது பேரோ அதற்கு மேலோ என்றால் பி.எஃப்.புக்குள்ளும் வரும். ஆளின் சம்மதத்தை முகாமிலேயே எழுதி வாங்கிக்கொண்டு, மூன்றாம் மாதம் அவர் பெயரில் அந்தக் கம்பெனி பணம் கட்டியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். முதலாளியைக் கேட்க வேண்டாம், அலுவலரையும் நம்ப வேண்டாம். பீஸ் ரேட்டில், அதாவது தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியில், ஓடும் டெய்லர்கள் பலருக்கு பி.எஃப். பிடிப்பதே இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். அவர்களுக்குப் போன் போட்டுத்தான் கேட்க வேண்டும். ஆனால் அந்தப் போன் இன்னொரு நன்மையும் செய்யும்: பி.எஃப். பிடிக்காத இடங்கள் எவை என்பதும் தெரிந்துவிடும்.

தணிக்கையால் முடியாதது ஒன்று உண்டு. கணக்குப் பொய் என்று அது சொல்லும், உண்மையான கணக்கு ஏன் குறைவாக இருக்கிறது என்று சொல்லாது. மில் மேசையில் ஏன் கூட்டமில்லை என்பதற்குத் தணிக்கை அறிக்கையில் பதில் கிடைக்காது. கூலி போதவில்லையா, ஹாஸ்டலை விட்டு வெளியே விடாததா, நைட் ஷிப்ட்டுக்கு வீட்டில் அனுப்பாததா என்று தெரிய வேண்டுமானால், கூலி கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரு மேசையில் உட்கார வேண்டும். சென்னையிலிருந்து வரும் சுற்றறிக்கைக்குப் பதில் எழுதும் ஒரு மாவட்ட அலுவலர், மில் முதலாளியைக் கூப்பிட்டு உங்கள் ஹாஸ்டல் விதியை மாற்றுங்கள் என்று சொல்லிவிட முடியுமா?

மூன்றாவது வழி அங்கேதான் உதவுகிறது. தமிழ்நாட்டின் வேறு எந்தப் பகுதியைவிடவும் கொங்குக்கு இது பழகிய விஷயம் என்றுதான் நினைக்கிறேன். திருப்பூரில் பனியன் தொழிலாளர் சம்பளத்தை உற்பத்தியாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து பேசி, ஊர் முழுக்கப் பொருந்துகிற ஒப்பந்தமாகப் போடுகிறார்கள். விசைத்தறிக் கூலிப் பிரச்சினை வந்தால் ஜவுளி உற்பத்தியாளர்களையும் தறிக்காரர்களையும் வைத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் பேச்சுவார்த்தை நடக்கும். சண்டை போட்டபடியே உட்காரும் பழக்கம் இரண்டு பக்கமும் இருக்கிறது. கூலிக்காக உட்காருகிறவர்கள் ஆள்சேர்ப்புக்காகவும் உட்காரலாம். இதற்கு அடிப்படையும் உண்டு: சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1948ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சேவை உடன்படிக்கை, இலவச அரசுச் சேவை வேண்டும் என்றும், முதலாளி, தொழிலாளி இரு தரப்பும் சம எண்ணிக்கையில் இருக்கும் ஆலோசனைக் குழுக்கள் வேண்டும் என்றும் சொல்கிறது. இந்தியா அதை 1959இலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது.

ஆபத்து இல்லாமல் இல்லை. சங்கத் தலைவர்களாக வரும் முதலாளிகளுக்கு இந்த ஊரில் செல்வாக்கு அதிகம். கல்லூரி அவர்களுடையது, கல்யாண மண்டபம் அவர்களுடையது, கோயில் திருப்பணியிலும் அவர்கள்தான். அலுவலர் அவர்களைப் பார்த்து எழுந்து நிற்கும் இடத்தில் மேற்பார்வை எங்கே நடக்கும்? குறைந்த கூலிக்கு ஆள் அனுப்பும் அலுவலகமாக அதை வளைத்துவிடவும் வாய்ப்புண்டு. தொழிற்சங்கத் தரப்பிலும் ஒரு குறை இருக்கிறது. பல வருஷம் மெஷினில் இருந்த உள்ளூர் ஆண்கள்தான் பெரும்பாலும் பிரதிநிதிகளாக வருவார்கள். ஹாஸ்டல் பெண்ணுக்கும் ஒடிசா பையனுக்கும் அங்கே நாற்காலி இருக்காது. அதனால் வாரியத்தில் பெண் தொழிலாளருக்கு ஒன்று, வெளிமாநிலத் தொழிலாளருக்கு ஒன்று என இரண்டு இடங்களைப் பெயர் சொல்லியே ஒதுக்க வேண்டும். கூட்டக் குறிப்பை ஒவ்வொரு முறையும் வெளியிட வேண்டும். இந்த இரண்டும் இல்லாவிட்டால் நான் முதல் வழிக்கே போய்விடுவேன்.

இன்னொன்று, கொங்கு முழுக்க ஒரே அளவில் சட்டை தைக்க முடியாது. கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், சேலத்தில் வாரியத்தில் உட்கார முதலாளிகள் சங்கமும் இருக்கிறது, தொழிற்சங்கமும் இருக்கிறது. நாமக்கல்லில் கோழிப்பண்ணை, லாரி, திருச்செங்கோட்டு ரிக் (ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டி) என்று தொழில் வேறு மாதிரி. ரிக் வண்டியில் போகிற ஆள் பாதி வருஷம் வடநாட்டில் இருப்பார், அவருக்கு மாவட்ட அலுவலகம் என்றால் என்னவென்றே தெரியாது. தர்மபுரியிலிருந்து ஆட்கள் ஓசூருக்கும் பெங்களூருக்கும் போகிறார்கள், உள்ளூரில் ஆள் எடுக்கும் பெரிய முதலாளி குறைவு. நீலகிரியில் தேயிலைத் தோட்டமும் ஹோட்டலும்தான். முதலாளிகள் குறைவாக இருக்கும் இந்த மாவட்டங்களில் வாரியம் அமைத்தால், பெயருக்கு ஒரு கூட்டமும் ஒரு காபியுமாக முடிந்துவிடும். அங்கே முதல் வழியே நல்லது. துறை நடத்தட்டும், தணிக்கை வெளியிலிருந்து வரட்டும், பக்கத்து மாவட்டக் காலியிடங்கள் அந்த அலுவலகத்தில் தெரிய ஏற்பாடு இருக்கட்டும்.

ஆக, திருப்பூரிலும் கோவையிலும் முதலில் வாரியம் அமைத்து இரண்டு வருஷம் நடத்திப் பார்க்கலாம். மற்ற மாவட்டங்களில் அந்த இரண்டு வருஷமும் தணிக்கை மட்டும் இறுகட்டும். எல்லா மாவட்டத்துக்கும் பொதுவாக ஒரே விதி: முகாமன்று கொடுத்த ஆணைகளின் எண்ணிக்கையை வெளியிட்டால், மூன்று மாதம் கழித்து அவர்களில் எத்தனை பேர் அங்கேயே இருக்கிறார்கள் என்பதையும் அதே அளவு எழுத்தில் வெளியிட வேண்டும். எண்ணிக்கை பாதியாகக் குறையும், பத்திரிகையில் கிண்டல் வரும், எதிர்க்கட்சி கேள்வி கேட்கும். அந்த முதல் வருஷத்தில் அலுவலர்களைத் தண்டிக்காமல் இருக்க வேண்டும். தண்டனை என்று தெரிந்தால் எண்கள் மறுபடியும் ஊதிவிடும்.

சரிபார்க்கும் போன்களை அந்தந்த அலுவலகமே போடக் கூடாது. திருப்பூர் பட்டியலை சேலத்திலிருந்தும், சேலம் பட்டியலை ஈரோட்டிலிருந்தும் கூப்பிடலாம். ஹிந்தியும் ஒடியாவும் பேசத் தெரிந்த இரண்டு பேராவது அதில் இருக்க வேண்டும். கூப்பிடுகிற நேரம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, தூங்கி எழுந்து, துணி துவைக்கும் நேரம் அது. மற்ற நாளில் கம்பெனிக்குள் யாரும் போன் எடுக்கமாட்டார்கள்.